ரம்புட்டான் கடித்த கால்

என் வீட்டுக்காரர் விஜய்பாண்டிக்கு இந்த உலகத்தில் இரண்டே பயம். ஒன்று ஊசி. இன்னொன்று, நான் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்வது. போன சீசனில் இரண்டும் சேர்ந்து ஒரே நாளில் அவர் காலைக் கவ்வின.

குற்றாலத்தில் பழக்கடை போட்டிருக்கிறார். கடை நாய்க்குப் பேர் ரம்புட்டான். உடம்பெல்லாம் அந்தப் பழத்தோல் மாதிரி முடி. நானோ ஹஃப்சா நடத்துகிற விலங்கு மீட்புக் குழுவில் நாய் பிடிக்கிறவள். "ரம்புட்டானுக்கு வெறிநோய் ஊசி போட்டுருவோம்" என்று சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணி வற்றிவிட்டது.

"அவன் அருவித் தண்ணி குடிச்சு வளந்தவன். மூலிகைத் தண்ணிட்டி! அவனுக்கு என்ன நோய் வரும்?" என்பார்.

அன்றைக்கு மத்தியானம் சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தார். கல்யாண வீட்டிலேயே லுங்கிச் சாரத்தை முட்டிக்கு மேல் மடித்துக் கட்டுகிறவர், கரண்டைக்கால் மறைய இறக்கிக் கட்டியிருந்தார்.

"என்ன, சாரம் தரையைக் கூட்டுது?"

"மரியாதைட்டி."

"யாருக்கு?"

"பொதுவா."

"தலையெல்லாம் ஈரம்?"

"அருவியில கொஞ்ச நேரம் நின்னேன். உடம்புக்கு நல்லது."

சீசன் வியாபாரத்தை விட்டுவிட்டு அருவியில் நிற்கிற ஆளா இவர்? உட்காரும்போது சாரம் விலகியது. கெண்டைக்காலில் பல் தடம்.

வெறிநோய் வந்துவிட்டால் வைத்தியம் கிடையாது. முந்திக்கொண்டு ஊசி போட்டால் பயம் கிடையாது. இதை ஊருக்கெல்லாம் சொல்லுகிறவள் நான். ஆனால் இவரிடம் நேரடியாகச் சொல்ல முடியாது. போன தடவை காய்ச்சலுக்கு ஊசி என்றதும் செங்கோட்டைக்கு ஓடிக் கொல்லம் ரயிலில் ஏறின மகராசன்.

முதலில் காயத்தைக் கழுவ வேண்டும். ஆறின வடிகஞ்சியை அவர் கால் மேல் கவிழ்த்தேன். பழியை எங்கள் நாலு வயசுப் பாப்பா மேல் போட்டேன்.

"ஐயய்யோ, எறும்பு மொய்க்கும்! சோப்புப் போட்டுக் கழுவுங்க!"

பாப்பா தெரிந்த பாட்டையெல்லாம் பாடி முடிக்கிறவரை குழாயடியை விட்டு அவரை நகரவிடவில்லை.

அடுத்து, அவர் குரல். "வாங்க, வாங்க, மங்குஸ்தான்!" என்று போனில் பதிந்து கடையில் ஓடவிட்டிருப்பார். அந்தக் குரலைப் புகழ்ந்தால் கடையையே எழுதிக் கொடுப்பார்.

"ஏங்க, ஊசி முகாமுக்கு ஆட்டோவுல விளம்பரம் போடணுமாம். செங்கோட்டையில ஒரு ஆளைப் பேச வைக்கப் போறா ஹஃப்சா."

"செங்கோட்டைக்காரனா? தகரத்துல ஆணியை இழுத்த மாதிரில்லா இருக்கும்! கொண்டாட்டி போனை!"

நான் சொல்லச் சொல்ல அவர் முழங்கினார். "வளர்ப்பு நாய், பூனைக்கு ஊசி போடுங்க! நாய் கடிச்சா மறைக்காதீங்க! அருவித் தண்ணி மட்டும் போதாது!" இந்த இடத்தில் மட்டும் ஒரு இருமல். "சோப்புப் போட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க! ஊசிக்குப் பயப்படுறவன் ஆம்பளையே இல்ல!"

கடைசி வரி நான் சொல்லாதது. அவரே சேர்த்தது.

உடனே ஹஃப்சாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, குரலையும் அனுப்பினேன். விளம்பரத்தைத் தெருத்தெருவாய்ப் பாடவிட்டபடியே ஆட்டோ வீட்டு வாசலுக்கு வந்தது. உள்ளே ஹஃப்சா.

"அண்ணாச்சி, ஊரே உங்க குரலைத்தான் பேசுது. வந்து கேளுங்க!"

எலெக்ஷனில் நிற்கிறவர் மாதிரி ஏறி உட்கார்ந்து, வழியெல்லாம் கும்பிட்டுக்கொண்டே வந்தார். பாப்பாவோடு நானும் ஏறிக்கொண்டேன். தென்காசி பெரியாஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றது.

"இங்கன எதுக்குட்டி?"

"உங்க குரல்தான் ஓடச் சொல்லுதே. இறங்குங்க."

முகம் வெளிறியது. "உனக்கு எப்படி… சும்மா விளையாட்டுக்குக் கவ்வினான்டி ரம்புட்டான்!"

"அவனைக் கூண்டுல வச்சுக் கவனிக்க ஆள் போயாச்சு அண்ணாச்சி" என்றாள் ஹஃப்சா.

ஓடலாமா என்று ரோட்டை ஒரு பார்வை பார்த்தார். அதற்குள் மூன்று பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் கையில் துணிக்கட்டு.

"பழக்கடை அண்ணாச்சிதான? பூனை பிராண்டினதுன்னு அசால்ட்டா இருந்தேன். உங்க குரலைக் கேட்டுத்தான் பதறி வந்தேன். ஆனா உள்ள போகப் பயமா இருக்கு. நீங்க முதல்ல போடுங்க, பாத்துட்டு நாங்க போடுதோம்."

இவர் என்னைப் பார்த்தார். நான் பாப்பாவின் மூக்கைத் துடைத்தேன்.

டாக்டர் காயத்தைப் பார்த்து ஊசி எழுதினார். நர்ஸ் மங்களேஸ்வரி முன்னால் இவர் சட்டைக் கையை மடக்கி உட்கார்ந்தார். கண்ணை இறுக மூடினார். பல்லைக் கடித்தார். வாசலில் மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. சட்டென்று கண்ணைத் திறந்து, அவர்கள் பக்கம் திரும்பி வெற்றிச் சிரிப்புச் சிரித்தார்.

"பாத்தியளா? எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல! இதுக்குப் போயா பயப்படுதிய?"

மங்களேஸ்வரி சொன்னாள்: "அண்ணாச்சி, இன்னும் பஞ்சுதான் வச்சிருக்கேன்."