கொப்பளிக்க வேண்டாம்

வாயிலிருந்த பஞ்சை எடுக்க இன்னும் முப்பத்தெட்டு நிமிடம் பாக்கி இருந்தது. அதற்குள் உயிர் போய்விடும் போலிருந்தது கமாவுக்கு. பல் வலியால் அல்ல, கையிலிருந்த காகிதத்தால்.

கமா என்பது அவருடைய பட்டப்பெயர். அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஒரு கமா விட்டுப்போயிருந்தாலும் ஓடுகிற இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிடுவார். கோபம் வந்தால் மனைவிகூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். பத்து நாளாக ஆட்டிப் படைத்த கடைவாய்ப் பல்லைச் சற்று முன்புதான் பிடுங்கியிருந்தார்கள்.

"முக்கால் மணி நேரம் பஞ்சை இறுகக் கடிச்சுக்கங்க. பேசாதீங்க, துப்பாதீங்க. மத்ததெல்லாம் உங்களுக்கு நான் சொல்லணுமா என்ன?" என்று சிரித்துக்கொண்டே கையுறையைக் கழற்றினார் டாக்டர்.

முன்மேஜையில் இருந்த பெண்ணும் அதையேதான் சொன்னாள். "நோயாளிங்களுக்குக் கொடுக்கற அறிவுரைத் தாளைத் திருத்தினதே நீங்கதானாமே! உங்களுக்கு எதுக்கு சார் அது?" மாத்திரைகளை மட்டும், அச்சகத்திலிருந்து வந்த கட்டின்மேல் கிடந்த ஒரு காகிதத்தில் மடித்து நீட்டினாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, எந்த மாத்திரை எப்போது என்று பார்க்கப் பிரித்தார். மடித்திருந்த காகிதமும் அதே அறிவுரைத் தாள்தான். கண்ணில் எழுத்துப் பட்டால் படிக்காமல் இருக்க முடியாத ஜென்மம். படித்தார்.

'பல் எடுப்பதற்கு முன்: பஞ்சை முக்கால் மணி நேரம் கடித்திருக்கவும். பேச வேண்டாம். துப்ப வேண்டாம். ஓடியாட வேண்டாம். இன்று முழுவதும் கொப்பளிக்க வேண்டாம்.

பல் எடுத்த பின்: வயிறு நிறையச் சாப்பிடவும். பல் துலக்கி, வாயைப் பலமுறை நன்றாகக் கொப்பளிக்கவும். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளைப் பற்றி டாக்டரிடம் சொல்லவும்.'

மரத்துப்போகாமல் இருந்த பாதி முகமும் மரத்துப்போனது. தலைப்புகள் இரண்டும் இடம் மாறியிருந்தன!

இந்தத் தாளின் அச்சுக்கு முந்தைய மாதிரி தன் மேஜைக்கு வந்த அன்று கன்னத்தில் ஒரு கையும் காகிதத்தில் ஒரு கையுமாக உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. எதைத் திருத்தினார், எதை விட்டார் என்று சத்தியமாக நினைவில்லை. அச்சில் ஒரு தாள் தப்பென்றால் ஆயிரம் தாளும் தப்பு. தொழில் தெரிந்தவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போன மாதம் பேருந்து நேர அட்டவணையில் காலையும் மாலையும் இடம் மாறி, பாதி ஊர் நிறுத்தத்தில் நின்று வெயில் காய்ந்தது. அன்றைக்கே முதலாளி சொல்லிவிட்டார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, வீட்ல உக்காந்து நிம்மதியா பேப்பர் படிங்க." டாக்டரோ முதலாளியின் மைத்துனர். டாக்டருக்குத் தெரிந்தால் அடுத்த நிமிடம் முதலாளிக்குத் தெரியும்.

வேலை போனால்கூடப் போகட்டும் என்று நினைக்கும்போதுதான் கிரேன் டிரைவர் ஞாபகத்துக்கு வந்தார்.

கமாவுக்கு முன்னால் அதே நாற்காலியில் பல் எடுத்துக்கொண்டவர். கதவு உயரத்துக்கு ஆள். "இதயத்துக்காக ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறேன் டாக்டர்" என்று அவர் சொன்னது வெளியே வரைக்கும் கேட்டது. பல் எடுத்த பிறகு டாக்டர் சொன்னதும் கேட்டது.

"முன்கூட்டியே சொன்னீங்களே, ரொம்ப நல்லது. தையல் போட்டிருக்கேன். ஆனா உங்களுக்கு ரத்தம் நிக்கக் கொஞ்சம் நேரமாகும். தாள்ல இருக்கறதை ஒண்ணு விடாம செய்யணும்."

"ம்ம்" என்று பெரிய உடம்பு முழுக்கத் தலையாட்டிவிட்டுப் போயிருந்தார்.

ஒன்று விடாமல் செய்வார். வயிறு நிறையச் சாப்பிடுவார். பலமுறை நன்றாகக் கொப்பளிப்பார். கட்டி நிற்கிற ரத்தமெல்லாம் பெயர்ந்து வரும். கமா எழுந்தே விட்டார்.

முதலில் மற்ற தாள்களை ஒழிக்க வேண்டும். முன்மேஜையின் ஓரத்தில் முழக் கனத்துக்கு அடுக்கியிருந்தன. அப்படியே அள்ளினார்.

"என்ன சார் வேணும்?"

"ம்ம்ம்."

"பாத்ரூமா? அந்தப் பக்கம்."

"ம்ஹூம்!" பின்னால் நகர்ந்தார். தரை துடைக்கும் வாளி காலில் இடித்தது. பாதிக் கட்டு நழுவி வாளிக்குள் விழுந்தது. ஒரு நொடி யோசித்தார். இதுவும் நல்லதுக்குத்தான் என்று மீதிக் கட்டையும் உள்ளே போட்டு, முழங்கை நனைய அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ சார்! முந்தாநாள்தான் வந்தது! டாக்டர், சீக்கிரம் வாங்க! இவருக்கு மரப்பு ஊசி மண்டைக்கு ஏறிடுச்சு!"

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மேஜைமேல் பெயர் எழுதும் நோட்டு திறந்து கிடந்தது. டிரைவரின் தொலைபேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் ஒரே பார்வையில் மனதில் ஏற்றிக்கொண்டு, கமா படியிறங்கி ஓட்டம் பிடித்தார்.

தெருமுனையில் நின்று போன் போட்டார். பெண் குரல் எடுத்தது.

"யாருங்க?"

"ம்ம்... ம்ம்ம்ம்!"

"யாருன்னு கேக்கறேன்ல?"

"ம்ம்ஹ்ம்ம்!"

"தூ! பொம்பளை குரல் கேட்டு மூச்சு விடறதுக்குன்னே போன் வாங்கி வச்சிருக்கியா?"

இணைப்பு அறுந்தது. வேறு வழியில்லை. பஞ்சை எடுத்து எறிந்தார். வாய் நிறைந்தது, துப்பினார். மறுபடி போன் போட்டார். நாக்கு யாருடையதோ மாதிரி கிடந்தது.

"அழ்மா, உங்க வீழ்ழுக்காரர் கொப்பழிக்கக் கூழாது! கொப்பழிச்சா ஆபழ்து!"

"ஓஹோ, பகல்லயே ஊத்திட்டியா? எங்க வீட்டுக்காரர் கிரேன் ஓட்டறவரு, தெரியுமில்ல? உன்னைத் தூக்கி மூணாவது மாடியில வச்சிட்டு வந்துருவாரு. அப்புறம் நீயா இறங்க முடியாது!"

கமா ஓடினார். இரண்டு தெரு. ஓட ஓட ரத்தம் வாயோரமாக வழிந்து வெள்ளைச் சட்டையில் கோடு போட்டது. கைக்குட்டையைச் சுருட்டிக் கடித்துக்கொண்டார். பேச வேண்டாம், துப்ப வேண்டாம், ஓடியாட வேண்டாம். தான் எழுத்தெண்ணிப் படித்த தாளில் இனி மீறுவதற்குக் கொப்பளிப்பது ஒன்றுதான் பாக்கி. ஓடும்போதே சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி, வாசலில் நின்று உள்ளங்கை அகலத் துண்டுச் சீட்டில் எழுதினார்: 'அம்மா, தங்கள் கணவர், இன்று, எக்காரணம் கொண்டும், கொப்பளிக்கக் கூடாது.' அந்த அவசரத்திலும் கமாக்கள் நான்கும் அந்தந்த இடத்தில் விழுந்திருந்தன.

கதவு திறந்தது. டிரைவரின் மனைவி சீட்டைப் பார்க்கவில்லை, சட்டையைத்தான் பார்த்தாள்.

"ஐயையோ, யாரு நீங்க? யாரை வெட்டிட்டு வர்றீங்க?"

அவள் தோளுக்கு மேலே, உள்ளே, முகம் கழுவும் தொட்டியருகே டிரைவர் நின்றிருந்தார். கையில் டம்ளர். டம்ளர் மெல்ல உயர்ந்தது. கன்னம் வரை வந்தது. இன்னும் இரண்டு விரல்கடைதான், வாய்.

"வேழ்ழாம்!"

எப்படிப் பாய்ந்தார் என்று கமாவுக்கே தெரியாது. தட்டிவிட்ட டம்ளர் சுவரில் மோதியது. தண்ணீர் கொட்டவில்லை. தரையெங்கும் உருண்டதெல்லாம் ஐஸ் கட்டி. பாவம் மனிதர், கன்னத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு பேசாமல் நின்றிருக்கிறார்.

"எவன்டா அவன்!" என்று முழங்கினார் டிரைவர். முக்கால் மணி நேரமாகத் திறக்காத வாய். பஞ்சு வெளியே விழுந்தது. பின்னாலேயே ரத்தமும் வந்தது.

"ரத்தம்! ஏங்க, ரத்தம் வருதுங்க!" என்று அலறினாள் மனைவி. டிரைவர் ஒரே கையால் கமாவின் காலரைப் பிடித்துத் தூக்கினார். இரண்டு கால்களும் தரையை விட்டன. கிரேன் டிரைவர் என்று அவள் சொன்னது சும்மா இல்லை.

தொங்கிக்கொண்டே கமா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். "தாழ் தழ்பு... அழ்சுப் பிழை... நான்தான் பாழ்த்தேன்... என் வேழை போழட்டும்... இவரு கொப்பழிக்காம இருந்தா போழும்!" கண்ணில் நீர் வந்துவிட்டது. மாத்திரைக் காகிதத்தை அவளிடம் நீட்டினார்.

அழுகிறவனைத் தூக்கி வைத்திருக்க டிரைவருக்கு மனசு வரவில்லை. இறக்கிவிட்டார்.

மனைவிதான் நிதானத்துக்கு வந்தாள். டாக்டர் கொடுத்தனுப்பிய பஞ்சுப் பொட்டலத்தைப் பிரித்து, கணவர் வாயில் ஒன்றும் கமா வாயில் ஒன்றுமாக வைத்து அழுத்தினாள். "ரெண்டு பேரும் கடிங்க! வாயைத் திறந்தீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன். உக்காருங்க அப்படி!"

சுவரோரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு ஐஸ் கட்டி. பத்து நிமிடம் பஞ்சை இறுகக் கடித்தார்கள். டிரைவரின் வாயோரத்தில் சிவப்பு மெல்ல மெல்லக் குறைந்தது, நின்றது. கமாவுக்குப் போன உயிர் திரும்பியது. வேலைதான் போய்விட்டது. போகட்டும், ஒரு மனிதர் பிழைத்தார்.

அவள் அலமாரியில் ஒட்டியிருந்த தங்கள் தாளைப் பிய்த்து வந்து, கமா கொடுத்ததன் பக்கத்தில் வைத்து வரிவரியாக விரலை ஓட்டினாள். முன்பக்கம் பார்த்தாள். திருப்பினாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"எங்க தாள்ல எல்லாம் சரியாத்தானேங்க இருக்கு? உங்களுதுக்குப் பின்னாடிதான் சிவப்பு மையில யாரோ எழுதியிருக்காங்க, 'தலைப்புகள், இரண்டும், இடம் மாறியுள்ளன. இதை, அச்சிட வேண்டாம்'னு... யாருங்க அது, இத்தனை கமா போட்டிருக்கறது?"