அஷ்டமி பாயும் அமெரிக்கா டிக்கெட்டும்

கடல் தாண்டிப் போக மற்ற ஊர்க்காரர்களுக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் இருந்தால் போதும். திண்டுக்கல்காரர்களுக்கு அஷ்டமி பாயும் வேண்டும். அவரைக் கேட்காமல் எங்கள் ஊரில் யாரும் வெளிநாட்டு விமானம் ஏறியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அப்படி யாராவது ஏறியிருந்தாலும் வெட்கப்பட்டு வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள்.

பாய்க்கு பேகம்பூர் பக்கம் சூட்கேஸ் கடை. டிராவல் பேக், தோல் பை, பெல்ட்டும் உண்டு. கடை போர்டில் இருப்பது அவரைப் பெற்ற அத்தா பெயர். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ரேஷன் கடையில்கூட அஷ்டமி பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரும் கோபப்படாமல் போய்ச் சர்க்கரை வாங்கிக்கொள்கிறார்.

எல்லாம் ஒரு ஜவுளி வியாபாரியால் ஆரம்பித்தது. மகனைப் பார்க்க மே மாதம் லண்டன் போகிறேன் என்று பெரிய பெட்டி வாங்க வந்தார். சும்மா இருந்த பாய், டிக்கெட் என்ன விலை என்று பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறார். அவர் சொன்னதும் பாய் பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கித் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார்.

"இம்புட்டுக் குடுத்து டிக்கெட் வாங்குன ஆளுக்கு எதுக்குங்க பெட்டி? சாக்குல கட்டிக்கிட்டுப் போங்க. பாக்குறவனுக்கும் விஷயம் வெளங்கட்டும்."

வந்த வியாபாரத்தைத் துரத்திவிட்ட மனிதர் ஊரில் இவர் ஒருவராகத்தான் இருக்கும். ஜவுளிக்காரர் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனார். ஆனால் அடுத்த கோடைக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன்பே வந்து நின்றார். பாய் செல்போனில் தட்டித் தட்டிப் பார்த்து, பிறகு சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்து, ஒரு தேதி சொன்னார். போன வருஷம் கொடுத்ததில் பாதி விலைதான். ஜவுளிக்காரர் தேதியைப் பார்த்துத் திடுக்கிட்டார். அன்றைக்கு அஷ்டமி.

பாயின் தத்துவம் ரொம்ப எளிமையானது. "நம்ம ஆளுக நல்ல நாள் பாத்துத்தான் வண்டி ஏறுவாங்க. எல்லாரும் ஒரே நாள்ல ஏறுனா வெல ஏறத்தானே செய்யும்? எவனும் ஏறாத நாளாப் பாத்து ஏறு!" அஷ்டமி, நவமி, கரிநாள், ஆடி முதல் தேதி எல்லாம் அவருக்கு மனப்பாடம். நாமெல்லாம் தினசரி காலண்டரில் நாளுக்கு ஒரு தாள் கிழிப்போம். பாய் வரப்போகிற தாள்களைக் கொத்தாகத் தூக்கி கிளிப் போட்டு வைத்திருப்பார். அவர் கடைக்கு எப்போது போனாலும் அங்கே இரண்டு மாதத்துக்குப் பிந்திய தேதி நடந்துகொண்டிருக்கும்.

இது பள்ளிவாசல் வரைக்கும் போய்விட்டது. தொழுகை முடிந்து வரும்போது ஒரு பெரியவர் மடக்கினார். "என்னப்பா, பஞ்சாங்கமெல்லாம் பாக்குறியாமே?"

"நம்பிப் பாக்கலத்தா. நம்புறவங்க எப்ப ஏற மாட்டாங்கன்னு பாக்குறேன்."

பெரியவர் பாயின் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போனார். பிறகு, "துபாயில எம்பேத்திக்கு மே மாசம் ஸ்கூல் லீவு இல்லியாம். நானே போயிட்டு வரலாமான்னு இருக்கேன். செத்த பாத்துச் சொல்லு" என்றார்.

பாய் மதம் பார்த்து வேலை செய்கிறவர் இல்லை. எல்லா மதத்துக் கெட்ட நாளும் அவருக்குச் சம்மதம். கான்வென்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஸ்டெல்லா டீச்சருக்கு மெல்போர்னில் மகள். டீச்சருக்குப் பாய் பிடித்துக் கொடுத்த நாள், பெரிய வெள்ளிக்கிழமை.

"ஆண்டவர் செத்த நாளு பாய். அன்னைக்கு ஒரு கத்தோலிக்கப் பொம்பள பிளேன் ஏறுவாளா?"

"அதனாலதான் டீச்சர் காலியாக் கெடக்கு!"

டீச்சர் போய்ப் பங்குச் சாமியாரைக் கேட்டார். வழியிலேயே சிலுவைப் பாதை சொல்லிக்கொண்டு போனால் தவறில்லை என்று சாமியார் அனுமதி கொடுத்தார். டீச்சர் சீட் பெல்ட்டைப் போட்டதும் ஆரம்பித்துவிட்டார். அவருக்கு முன் சீட்டில் இருந்த மலையாளக் குடும்பமும் சேர்ந்துகொண்டதில், விமானத்தின் பின்பாதி அன்றைக்குக் கோயிலாகிவிட்டதாம். அவ்வளவு பக்தியாக ஒரு பெரிய வெள்ளியை நான் கழித்ததே இல்லை என்று டீச்சர் இன்றைக்கும் சொல்கிறார்.

பாய் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்றும் நினைத்துவிடக் கூடாது. எரியோட்டில் முருங்கை போட்டிருக்கிற விவசாயி ஒருவருக்கு மகன் கலிபோர்னியாவில் இருந்தான். பாய் அவரைத் திருச்சியிலிருந்து கிழக்குப் பக்கமாக அனுப்பிவைத்தார். நடுவில் ஏதோ ஒரு விமான நிலையத்தில் விடிந்து பொழுது சாயும்வரை உட்கார்ந்திருக்கும்படி ஆகிவிட்டது. அங்கிருந்து மனுஷன் போன் போட்டார். பாய் கடையில் ஸ்பீக்கரில் போட்டதால் நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"ஏய்யா பாய், அமெரிக்கா மேக்கால இருக்குன்னு எம்மவன் சொல்றான். நீ என்னையக் கெழக்கால தள்ளி விட்டிருக்க!"

"பூமி உருண்டைதானண்ணே. எங்கிட்டுச் சுத்துனாலும் வந்து சேந்துரும்."

"ஒரு பொழுது பூராம் உக்காந்திருக்கேன்யா. சுத்திக் கண்ணாடியா இருக்கு. பேசுறதுக்கு ஒரு நாதியில்ல!"

"அந்த உக்காந்ததுக்குத்தானண்ணே வெல கொறச்சிருக்கான்!"

விவசாயி ஊர் திரும்பியதும் முதல் வேலையாகக் கடை வாசலில் நின்று தெருவே கேட்கத் திட்டினார். பாயும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். திட்டி முடித்து ஒரு டீயைக் குடித்துவிட்டு, அடுத்த கோடைக்கு எப்போது டிக்கெட் போடலாம் என்று கேட்டுக்கொண்டு போனார்.

இப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. உயரம் என்றால் அவருக்குத் தலை சுற்றும். திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தும் மலைக்கோட்டை ஏறியதில்லை. கடை மாடியில் இருக்கிற சரக்கை எடுக்கக்கூட மைத்துனர் சலீம்தான் ஏற வேண்டும்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். சியாட்டிலில் இருக்கிற எங்கள் மகள் நித்யாவுக்குத் தலைப்பிரசவம். ஜூன் கடைசியில் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா பக்கத்தில் இல்லாமல் பெற்றுக்கொள்ள மாட்டேன் என்று அவள் தினமும் போனில் அழுகிறாள், ஏதோ தேதியைத் தள்ளி வைத்துக்கொள்ள முடிகிற மாதிரி. விசா வந்து சேர்ந்தபோது மே பாதி முடிந்துவிட்டது. அங்கே கோடை விடுமுறை, இங்கே கோடை விடுமுறை. டிக்கெட் விலையைப் பார்த்ததும் நான் வரவில்லை, அவள் அம்மா மட்டும் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்; அந்த ஒரு டிக்கெட்டுக்கே கையில் காசு போதவில்லை. மாப்பிள்ளை தானே எடுப்பதாகச் சொன்னார். என் மனைவி விஜயா, பிரசவம் பார்க்கப் போகிறவள் மாப்பிள்ளை காசில் போவதா என்று ஒரே பிடியாக நின்றாள்.

பாயிடம் போனேன். அவர் காலண்டரைத் தூக்கினார், போனைத் தட்டினார், உதட்டைக் கடித்தார். கடைசியில் ஒரு வழி பிடித்தார். திருச்சி, சிங்கப்பூர், தைபே, சியாட்டில். என் ஓய்வூதியத்துக்கு அடங்கிய விலை. ஜூன் முதல் பாதியிலேயே போய்ச் சேர்ந்துவிடலாம். நாள் மட்டும் அஷ்டமி.

மாப்பிள்ளை கம்ப்யூட்டர்காரர். போனில் சிரித்தார். "மாமா, ஏர்லைன்ஸ்காரனுக்கு அஷ்டமின்னா என்னன்னே தெரியாது. இது தற்செயல்."

பாய் பக்கத்திலிருந்தே பதில் சொன்னார். "கம்பெனிக்குத் தெரியாது மாப்ள. ஏறுறவனுக்குத் தெரியும்ல?"

அது தற்செயலாகவே இருக்கட்டும். அந்தத் தற்செயல் எங்கள் ஊரில் வருஷக்கணக்காக விடாமல் நடந்துகொண்டிருக்கிறது.

விஜயாவிடம்தான் பருப்பு வேகவில்லை. "அஷ்டமியில கெளம்புனா போன காரியம் வெளங்குமா? அதுவும் புள்ளப்பேறு காரியம். நான் மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். நான் கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் பாயே வீட்டுக்கு வந்தார். கேலி செய்யப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அவள் சொன்னதையெல்லாம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"தங்கச்சி சொல்றது சரிதான் சார். மனசு கோணிக்கிட்டு யாரும் கடல் தாண்டக் கூடாது" என்றார். பிறகு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு யாரையோ கூப்பிட்டார். மறுமுனையில், கும்பாபிஷேகத்துக்கு இவர் பார்த்துக் கொடுத்த டிக்கெட்டில் ஆஸ்திரேலியா போய்வந்த குருக்கள்.

"சாமி, அஷ்டமியில ஒரு தங்கச்சி பயணம் போவணும். வழியே இல்லியா?"

"ஏன் இல்லாம? பரஸ்தானம் இருக்கே பாய்! முன்னாடியே நல்ல நாள் பாத்து, போறவா பெட்டிய வேற எடத்துல கொண்டு வச்சுட்டா பயணம் அன்னிக்கே ஆரம்பிச்சாச்சுன்னு கணக்கு. அப்புறம் எந்த நாள்ல போனாலும் தோஷமில்ல."

"அப்பப் பெட்டி கெளம்பிட்டா ஆளு கெளம்புன மாதிரியா?"

"சந்தேகமே வேண்டாம்."

பாய் போனை வைத்துவிட்டு விஜயாவைப் பார்த்தார். "பெட்டி வைக்க என் கடைய விட்டா ஊர்ல வேற எடம் இருக்கா தங்கச்சி?" அத்தனை நாள் கழித்து அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள்.

வியாழக்கிழமை நல்ல நேரத்தில், பிரசவ லேகியமும் பழைய வேட்டித் துணிகளும் அடைத்த சிவப்புப் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கொண்டுபோனோம். பாய் இரண்டு கையாலும் வாங்கி உள்ளே வைத்தார். மறுநாள் விட்டுப்போன சாம்பார் பொடியைச் சேர்க்கலாம் என்று போனால், வேடசந்தூர்க் குடும்பம் ஒன்றுக்கு சலீம் எங்கள் பெட்டியைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"தூக்கிப் பாருங்க, எம்புட்டுக் கனம்! அசல் சரக்கு!"

"இந்தக் குங்குமம்?"

"அது கம்பெனி பூசை போட்டு அனுப்பிருக்கான்."

நான் போட்ட சத்தத்தில் வேடசந்தூர்க்காரர்கள் பெட்டி வாங்காமலே போய்விட்டார்கள். விஷயம் தெரிந்ததிலிருந்து, பயண நாள்வரைக்கும் பாய் நாற்காலியைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு எங்கள் பெட்டி மேலேயே உட்கார்ந்து வியாபாரம் பார்த்தார்.

அஷ்டமியன்று விஜயா சும்மா கடைக்குப் போகிற மாதிரி கைவீசிக்கொண்டு வீட்டைவிட்டு இறங்கினாள். பாய் கடையில் பெட்டி காரில் ஏறியது. பாய் அவளுக்கு ஒன்றே ஒன்று சொன்னார். "தைபேயில நேரம் கம்மி தங்கச்சி. வீல்சேர் சொல்லி வச்சிருக்கேன். முட்டு வலிதானே, கூச்சப்படாம உக்காந்துக்க. அவனே தள்ளிக்கிட்டு ஓடிருவான்." அந்த விமானத்தை விட்டால் அடுத்த பத்து நாளைக்குச் சீட்டு இல்லை என்பதை எங்கள் இருவரிடமும் அவர் சொல்லவில்லை. மாப்பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது, அதுவும் அவள் போன பிறகு.

மறுநாள் காலை எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தைபேயிலிருந்து அவள் போன் வரவே இல்லை. பாயை நாலு திட்டுத் திட்டலாம் என்றுதான் கிளம்பினேன். கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். பாய் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்த்து வைத்த செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் ஒரே நீலம். நடுவில் ஒரு சின்ன மஞ்சள் விமானம்.

"வாங்க சார். தங்கச்சி ஏறிருச்சு. வீல்சேர் தள்ளுனவன்கிட்டயே போன வாங்கிப் பேசுச்சு. ஒங்க நம்பர் பதட்டத்துல மறந்துபோச்சாம், கடை நம்பர்தான் டிக்கெட் தாள்லயே எழுதிக் குடுத்திருக்கேன்ல. ஒங்க வீட்டுக்குத்தான் கெளம்பிக்கிட்டு இருந்தேன், கண்ண எடுக்க முடியல. இப்ப கடல் மேல போகுது. செத்த உக்காருங்க."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் சலீம் எனக்கு மட்டும் சாப்பாடு வாங்கி வந்தார். பாய் வேண்டாம் என்றார்.

"நோன்பா பாய்?"

"இல்ல சார். ஆளு ஆகாசத்துல இருக்கும்போது சோறு எப்படி எறங்கும்?"

நான் சலீமைப் பார்த்தேன். அவர் மெதுவாகச் சொன்னார். "ஒங்க வீட்டுக்கு மட்டுமில்ல சார். டிக்கெட் பாத்துக் குடுத்த எல்லாருக்கும் இப்படித்தான். எறங்குற வரைக்கும் பச்சத்தண்ணி தவிர ஒண்ணும் தொட மாட்டாரு. கோட வந்தா எங்க மச்சான் பாதியா எளச்சுருவாரு."

திட்டவேண்டும் என்று வந்தவன், பிரித்த சாப்பாட்டுப் பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தேன். மலைக்கோட்டை ஏறப் பயப்படுகிற ஒரு மனுஷன், ஊரில் பாதிப் பேரைக் கண்ணாலேயே கடல் தாண்டவைத்துக் கொண்டிருக்கிறார் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. மஞ்சள் விமானம் கரையைத் தொட்டபோது வெளியே பள்ளிவாசலில் சாயங்கால பாங்கு சொன்னார்கள். அடுத்த பாங்குக்கு முன்னால் என் போனும் அடித்தது. "எறங்கிட்டேங்க. நித்யா நிறைமாச வயித்தோட வாசல்லயே நிக்கிறா" என்று விஜயா அழுதாள். பாய் தொழுதுவிட்டு வந்து, ஒரு பன்னை டீயில் தொட்டுச் சாப்பிட்டார்.

பேத்தி பிறந்து இப்போது தவழ்கிறாள். வருகிற கோடையில் நானும் போகிறேன். ஒரே இடத்தில் மட்டும் மாறுகிற விமானத்திலேயே டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று மகள் சொன்னாள். நான் கேன்சல் பண்ணச் சொல்லிவிட்டேன், பாய்தான் பார்க்க வேண்டும் என்று.

"காசு மிச்சம் பண்ணி என்னப்பா பண்ணப்போறீங்க?" என்று சலித்துக்கொண்டாள்.

"காசுக்காக இல்லம்மா" என்றேன். "மேல போகும்போது, எறங்குற வரைக்கும் கீழ நமக்காக ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கணும்ல?"