எல்லாமே வலது கால்

"இன்னாடா இது, எல்லாமே வலது காலா இருக்கு?"

மேடம் என் காதுகிட்ட வந்து கேட்டாங்க. முகத்துல சிரிப்பு மட்டும் கலையல, ஏன்னா எதிர்ல கேமரா.

மூட்டையைக் கிண்டிப் பார்த்தேன். வலது. வலது. அடியில ஒரு இடதாவது சிக்கும்னு தோள் வரைக்கும் கையை விட்டேன். அதுவும் வலது.

நான் ப்ளஸ் டூ முடிச்சிட்டு, மேல படிக்க மாட்டேன்னு சொல்லி, ஆம்பூர்ல ஒரு ஷூ ஃபேக்டரில எடுபிடியா இருக்கேன். முதலாளி குடும்பத்துக்கு ஒரு அறக்கட்டளை. மேடம் தலைவர், மகன் பொருளாளர், மருமகன் செயலாளர். உள்ளூர் தொண்டு அமைப்புங்களுக்கு உதவி பண்ணுவாங்க. நேத்து விமலாக்கா நடத்துற பிள்ளைங்க ஹோமுக்கு ஸ்கூல் ஷூ குடுக்கிற விழா. திங்கக்கிழமைல இருந்து ஷூ இல்லாத பிள்ளைங்களை ஸ்கூல் கேட்டுக்குள்ள விட மாட்டாங்களாம்.

எனக்கு ஒரே வேலைதான். சாம்பிள் ரூம்ல இருக்கிற மூட்டையை வண்டில ஏத்தணும்.

அங்க ரெண்டு மூட்டை இருந்துச்சு. வெயிட் கம்மியா இருந்ததைத் தூக்கினேன்.

சாம்பிள்னா எங்க ஃபேக்டரில வலது கால் மட்டும்தான் தைப்பாங்க, அதுவும் ஒரே சைஸ்ல. வாங்க வர்ற பையருக்குக் காட்ட அது போதும். ஆம்பூர்ல பால் பாக்கெட் போடுறவனுக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனா வெயிட் கம்மி.

ஒரு பொடியன் ஷூவைப் போட்டுப் பார்த்துட்டுச் சொன்னான்: "அண்ணா, என் ரெண்டு காலும் இதுக்குள்ளயே போவுது."

"அப்ப ஒண்ணு போதும்ல" என்றார் செயலாளர். அவர் ஜோக்கடிக்கல.

மேடம் மைக்கைப் பிடிச்சாங்க. "எந்த நல்ல காரியத்துக்கும் வலது காலைத்தான் முதல்ல எடுத்து வைக்கணும். எங்க, எல்லாரும் எடுத்து வைங்க பார்க்கலாம்."

எல்லாரும் வச்சாங்க. வலது கால்ல ஷூ, இடது கால்ல புழுதி. ஃபோட்டோ எடுத்தாச்சு.

விமலாக்கா மட்டும் கைதட்டல. "மேடம், இடது எப்ப வரும்?"

"ஜோடி ஷூ இன்னொரு மூட்டையில இருக்கு. அரை மணி நேரத்துல நான் போய் அதை எடுத்துட்டு வந்துடுறேன்" என்றேன்.

"விழா முடிஞ்சிருச்சு தம்பி" என்றார் செயலாளர். "இனி குடுக்கணும்னா மீட்டிங்ல தீர்மானம் போடணும்."

"மீட்டிங் எப்ப சார்?" விமலாக்கா விடல.

"அத்தை ஃபாரின் போய்ட்டு வரட்டும்மா."

பையர் வர்றாரு, சாம்பிள் வேணும்னு சொல்லி, பிள்ளைங்க போட்ட ஷூவையும் கழட்டச் சொன்னாங்க. ஒரு பொண்ணு பாவாடையால தொடைச்சிட்டு என்கிட்ட குடுத்துச்சு. அதை வாங்கி மூட்டையில போட்ட கேவலமான ஆள் நான்தான்.

வண்டில ஏறினதும் மேடம் சொன்னாங்க: "ஃபோட்டோவை நெட்ல நம்ம ட்ரஸ்ட் பக்கத்துல போட்டுடு. கால் தெரியாம வெட்டிட்டுப் போடு."

"ஷூ குடுத்த ஃபோட்டோ மேடம். கால் இல்லன்னா எப்படி?"

"மூஞ்சி போதும்டா. எப்படிச் சிரிக்குதுங்க பாரு."

வெட்டாம முழுசாவே போட்டுட்டேன். திங்கக்கிழமைக்குள்ள நாலு பேராவது இன்னொரு கால் எங்கன்னு கேக்கட்டும்.

ஃபேக்டரிலயும் கட்டிங் நம்ம செக்‌ஷன் இல்ல.