பெண் பார்க்கப் போன இடத்தில் ஆர்கான்

சான்பாடாவில் வசிக்கும் மதிப்பிற்குரிய ஜம்புநாதன் அவர்களுக்கு, செம்பூர் திலக் நகர் அனந்தநாராயணன் நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் என் மனைவி சுப்புலக்ஷ்மியும் சௌக்கியம். அங்கே தாங்களும் மாமியும் சௌக்கியம் என்று நம்புகிறேன். தங்கள் ரத்த அழுத்தமும் இதற்குள் இறங்கியிருக்க வேண்டும். வாட்ஸப்பில் தாங்கள் என்னை பிளாக் செய்துவிட்டபடியால், போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்குச் சமாதானம் சொல்லத் தபாலை விட்டால் வேறு வழியில்லை.

முதலில் ஒரு விஷயம். என் பெண் ஸ்ரீலேகா குவாலிட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறாள் என்று ஜாதகம் கொடுக்கும்போது நான் சொன்னது முழுப் பொய் அல்ல. குவாலிட்டி உண்டு, ஆபீஸ்தான் கிடையாது. அவள் வெல்டிங் இன்ஸ்பெக்டர். இதை உள்ளபடி சொன்ன வேறொரு வரன் வீட்டில் என்ன ஆயிற்று தெரியுமா? பையனின் தாயார், "எங்காத்து ஜன்னல் கிராதி விட்டுப்போயிருக்கு, ஒரு நடை வந்து ஒட்டிக் குடுப்பாளா?" என்று கேட்டாள். அதிலிருந்துதான் நான் ஆபீஸ் கட்ட ஆரம்பித்தேன்.

அன்றைக்கு என்ன ஆயிற்றென்றால், ஒரு பேடா ஃபாக்டரியில் புதிதாகப் பால் குழாய் போடுகிறார்கள், அவசரம் என்று காலையிலேயே அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள், நீங்கள் வருவதற்குள் திரும்பிவிடுவேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போனாள், நீங்கள் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து பஜ்ஜியும் ஆறி காப்பியும் ஆறியபின் போன் செய்து, "அப்பா, இன்னும் ஒரே ஒரு ஜாயின்ட் பாக்கி" என்கிறாள். நான் என்ன செய்வது? தாங்களாவது சும்மா இருந்திருக்கலாம். "அதுக்கென்ன ஓய், பக்கத்துலதானே? ஆபீஸ்லயே பொண்ணைப் பாத்துடுவோம்!" என்று எழுந்துவிட்டீர்கள். கேட்டில் வாட்ச்மேனாவது தடுப்பான் என்று கடவுளை வேண்டிக்கொண்டேன். அவனோ விஷயத்தைக் கேட்டதும், "ஷாதி கா மாம்லா ஹை, ஜானே தோ!" என்று, கல்யாணக் காரியத்துக்குத் தடை ஏது என்கிற தோரணையில், மல்லிகைப்பூ வைத்த மாமியின் தலைமேலேயே ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்து எல்லாரையும் உள்ளே அனுப்பிவிட்டான்.

உள்ளே தாங்கள் பெண்ணைப் பார்க்கவில்லை, குழாயைத்தான் பார்த்தீர்கள். ஸ்ரீலேகாவும் அசட்டுத்தனமாக விளக்கம் சொல்ல ஆரம்பித்தாள். ஸ்டீல் குழாயை வெளியே சூடாக்கி ஒட்டும்போது உள்பக்கம் காற்று பட்டால் கருகி, அடிப்பிடித்த சர்க்கரைப் பாகு மாதிரி சொரசொரப்பாகிவிடுமாம். அதில் பால் தங்கிக் கெட்டுப்போகுமாம். அதனால் முதலில் ஆர்கான் என்கிற வாயுவைக் குழாய்க்குள் விட்டுக் காற்றை விரட்டிவிட்டுத்தான் வெல்டிங்காம்.

"அந்த ஆர்கான் உள்ள போய் என்ன பண்ணும்?" என்று கேட்டீர்கள்.

"ஒண்ணும் பண்ணாது மாமா. எதோடயும் சேராது. அதுக்குத்தான் அதை விடறது."

"ஒண்ணும் பண்ணாததுக்கு ஒரு சிலிண்டரா!" என்று சிரித்தீர்கள். நானும் மரியாதைக்குச் சிரித்தேன். ஆனால் முப்பது வருஷம் சர்க்கார் ஆபீஸில் இருந்தவன் நான். ஒன்றும் செய்யாமல் ஒரு இடத்தை நிரப்பிக்கொண்டிருப்பதன் அருமை எனக்குத் தெரியாதா?

குழாயின் ஒரு முனையில் ஆர்கான் போகிறது. மறுமுனையை டேப் போட்டு மூடி, நடுவில் சின்ன ஓட்டை வைத்திருந்தார்கள். தாங்கள் அங்கே கையை வைத்துப் பார்த்து, "கேஸ் வீணாப் போறதே ஓய், யாருக்கும் அக்கறை இல்லை!" என்று என் காதில் சொல்லிவிட்டு, கீழே கிடந்த டேப்பில் ஒரு துண்டு கிழித்து ஓட்டைமேல் ஒட்டினீர்கள். இவ்வளவு சிக்கனமான சம்பந்தி கிடைத்தாரே என்று நானும் பூரித்துப்போனேன். அந்தப் பக்கம் தாராவி ரெனால்ட் என்கிற வெல்டர் ஜாயின்ட்டை முடிக்கும் தறுவாயில் இருந்தான். போக வழியில்லாத வாயு எத்தனை நேரம் பொறுக்கும்? டப்பென்று ஒரு சத்தம். உருகின ஸ்டீல் அவன் பக்கமாகத் தெறித்தது. முகமூடி இருந்ததால் பிழைத்தான்.

"எவம்ல ஓட்டைய அடைச்சது? கண்ணு போயிருந்தா எவன் தருவான்?" என்று துள்ளி எழுந்தான்.

ஃபாக்டரி சூப்பர்வைசர் ஓடிவந்து, "வெல்டர் கீ கல்தி ஹை" என்று வெல்டர்மேலேயே பழியைப் போட்டு அப்போதே தீர்ப்பெழுதிவிட்டான். ஸ்ரீலேகா டேப்பைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"யார் ஒட்டினது? சொல்லிடுங்கோ. இல்லேன்னா ரெனால்ட் அண்ணாவோட கேட் பாஸைப் பிடுங்கி வெளில அனுப்பிடுவா."

தாங்கள் கூரையில் இருந்த ஃபேனை ஆராய்ந்துகொண்டிருந்தீர்கள். சம்பந்தம் கைவிட்டுப்போகிறதே என்ற பதைப்பில் நான், "நான்தாம்மா" என்று சொல்லிவிட்டேன்.

"நீயா? டேப்போட நுனி எங்க இருக்குன்னே உனக்குக் கண்டுபிடிக்கத் தெரியாதேப்பா!"

அப்போதுதான், அதுவரை 'ம்' என்பதற்குமேல் ஒரு வார்த்தை பேசாத தங்கள் மகன் மாதவ் வாயைத் திறந்தார். "அங்கிள் இல்ல. எங்கப்பாதான் ஒட்டினார். நான் பாத்துண்டே இருந்தேன், தடுக்கல. சாரி."

"டேய்! பெத்த அப்பனைக் காட்டிக்குடுக்கறியா!" என்றீர்கள்.

"மாமா, தப்பா நினைச்சுக்காதீங்கோ. கொஞ்சம் வெளில போங்கோ. எல்லாரும்தான்."

"நான் டெபுடி ஜெனரல் மேனேஜரா ரிடையர் ஆனவன்!"

"இருக்கட்டும் மாமா. இங்க நான் சரின்னாத்தான் அடுத்த வெல்டிங். ஹெல்மெட்டைக் கேட்ல குடுத்துடுங்கோ."

தாங்கள் கொடுக்கவில்லை. கோபத்தில் தலையில் ஹெல்மெட்டோடேயே டாக்ஸியில் ஏறிவிட்டீர்கள். ஜாயின்ட்டை வெட்டி மறுபடி ஒட்டினார்கள். ரெனால்டின் பாஸ் தப்பித்தது. என் மானம்தான் தப்பவில்லை.

மன்னிப்புக் கேள் என்று ஸ்ரீலேகாவிடம் நான் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. "எல்லார் முன்னாடியும் சொன்னதுக்கு வேணா சாரி சொல்றேன். சொன்ன விஷயத்துக்கு மாட்டேன்" என்கிறாள். பெரிய மனிதரை இப்படிப் பேசிய பெண்ணை மருமகளாக்கிக்கொள்ளுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பேன்? ஆகவே, இந்தச் சம்பந்தம் முடிந்துபோனதாகவே எடுத்துக்கொண்டு, தங்களுக்கு மேலும் சிரமம் கொடுக்காமல் நாங்கள் விலகிக்கொள்கிறோம். மாதவுக்கு நிஜமாகவே ஆபீஸில் உட்காரும் பெண்ணாக அமையட்டும். மாமியின் பூ நசுங்கியதற்கு சுப்புலக்ஷ்மி தனியாக வருத்தம் தெரிவிக்கச் சொன்னாள்.

பகவான் தங்கள் குடும்பத்துக்குச் சகல க்ஷேமங்களையும், எனக்குக் கொஞ்சம் தூக்கத்தையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தியாகியிருக்க வேண்டிய
அனந்தநாராயணன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது வாசலில் மணி அடித்தது. தங்கள் மகன் மாதவ். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பழகின மனிதர் மாதிரி நேரே சமையலறைக்குப் போய்த் தண்ணீர் எடுத்துக் குடிக்கிறார். விசாரித்தால், அவரும் ஸ்ரீலேகாவும் கிங்ஸ் சர்க்கிளில் சந்தித்துக் காப்பி குடித்து எல்லாவற்றையும் முடிவுசெய்துவிட்டார்களாம். "அத்தனை பேர் நடுவுல அப்பாவையே விட்டுக்குடுத்து நிஜத்தைச் சொன்னவன், எங்கிட்ட பொய் சொல்ல மாட்டாம்பா" என்கிறாள் ஸ்ரீலேகா. மாமியும் சுப்புலக்ஷ்மியும் நேற்றே மாட்டுங்காவில் கூறைப்புடவை பார்த்துவிட்டும் வந்தாயிற்றாம். விஷயம் தெரியாமல் இருந்தது நாம் இரண்டு பேர்தான். முகூர்த்தத் தேதியை மட்டும் நம்மிடம் கேட்பார்களாம்; அதுவும் ஒரு மரியாதைக்கு. எந்தத் தேதியானாலும் சரி என்று நான் இப்போதே சொல்லிவிட்டேன். தாங்களும் அப்படியே சொல்லிவிடுவது உத்தமம்.