ஒரு பச்சை ஸ்டிக்கர் குறித்து மைத்துனருக்கு

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும், உங்கள் தங்கையும், உங்கள் மருமகளாகிய என் மகளும் நலம். நலம் என்று அவரவர் சொன்னதை வைத்து எழுதுகிறேன். நானாகச் சோதித்துப் பார்க்கவில்லை. அங்கே நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் என்றைக்கு நலமாக இல்லாமல் இருந்திருக்கிறீர்கள்?

நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கான கணிதக் கற்றல் இலக்குகள் என்று நீங்களும் உங்கள் குழுவும் சேர்ந்து தயாரித்த வழவழப்பான புத்தகம், மகளின் பள்ளிக்கூடம் வழியாக என் வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. பின்னட்டையில் குழுவின் புகைப்படம் பார்த்தேன். நடுவில் நீங்கள். பக்கத்தில் நிற்பவரின் முகத்தில் பாதியை உங்கள் தோள் மறைத்திருக்கிறது. அந்தத் தோளை எனக்கு நன்றாகத் தெரியும். என் கல்யாணப் புகைப்படத்தில் மாப்பிள்ளையின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதும் அதே தோள்தான். அந்த அரைமுகக்காரரிடம் என் அனுதாபத்தைச் சொல்லவும். நாம் இருவரும் ஒரே வகுப்பில் ஏழாவது படித்தபோது நான் முன் பெஞ்சு, நீங்கள் எனக்கு நேர் பின்னால். அந்த வருடம் முழுக்கக் கணக்குப் பாடத்தில் உங்களுக்கு இருந்த ஒரே இலக்கு என் விடைத்தாள். அதையெல்லாம் நான் மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்பதை அவ்வப்போது உங்கள் தங்கையிடம் நினைவுபடுத்தியும் வருகிறேன்.

புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தேன். அநேகமாக உலகத்திலேயே அப்படிப் படித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒவ்வோர் இலக்கும் "என்னால்" என்று ஆரம்பித்து "முடியும்" என்று முடிகிறது. நடுவில் கணக்கு மட்டும் இல்லை. "என்னால் பின்னங்களோடு நட்பாகப் பழக முடியும்." பின்னத்தோடு எதற்கு நட்பு? கூட்டத் தெரிந்தால் போதாதா? "என்னால் எதிர்மறை எண்களைத் தயக்கமின்றி வரவேற்க முடியும்." வாசலில் நின்றா? "என்னால் சதவீதத்தை அன்றாட வாழ்வில் அடையாளம் கண்டு மகிழ முடியும்." இந்த "மகிழ" என்ற சொல்லைப் போட்டவர் யார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். நம் காலத்தில் சதவீதத்தைக் கண்டு யாரும் மகிழவில்லை. கண்டோம், போட்டோம், அடி வாங்கினோம், வீட்டுக்குப் போனோம்.

இருக்கட்டும். இந்த இலக்குகளை எட்டியாயிற்றா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அங்கேதான் உங்கள் குழுவின் மூளை உச்சத்துக்குப் போயிருக்கிறது. ஆசிரியர் சொல்லக்கூடாது, தேர்வு சொல்லக்கூடாது, பிள்ளையே சொல்ல வேண்டும். வகுப்புச் சுவரில் பெரிய அட்டவணை. ஒவ்வோர் இலக்குக்கும் எதிரே பிள்ளைகள் தங்கள் கையால் வட்ட ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ள வேண்டும். முடியும் என்றால் பச்சை, முயல்கிறேன் என்றால் மஞ்சள், முடியாது என்றால் சிவப்பு. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, நீங்கள் எப்போதும் "ஏதோ கவர்மெண்ட் வேலை" என்றுதான் அடுத்தவர்களுக்கு அறிமுகம் செய்வீர்கள். நான் எடைக் கருவிகளைச் சோதித்து முத்திரை வைப்பவன். கடைக்காரர் தராசைக் கொண்டுவந்து வைத்தால், நான் தராசைப் பார்த்து, "நீ சரியாகக் காட்டுவாயா?" என்று கேட்பதில்லை. சோதனைக் கல்லை எடுத்து வைப்பேன். ஒரு கல் வைத்து, அது சரியாக வந்தாலும் நம்ப மாட்டேன். இன்னொரு கல், தட்டின் நடுவில், தட்டின் ஓரத்தில், நான்கு மூலையிலும். அப்புறம்தான் முத்திரை. கேட்டதும் "நான் சரி" என்று சொல்லும் தராசுக்கெல்லாம் முத்திரை வைப்பதாக இருந்தால், உங்களைப் போன்றவர்களுக்குத்தான் முதலில் வைக்க வேண்டியிருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் தேர்வுகளில் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். அட்டவணையிலோ அவள் பெயருக்கு எதிரே முதலிலிருந்து கடைசி வரை சிவப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் அம்மை போட்ட மாதிரி இருக்கிறது. அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் மருந்துக்கடைக்காரர் மகள் எல்லாவற்றுக்கும் பச்சை ஒட்டிக்கொண்டு, அதன் பலனாக வகுப்பின் கணிதத் தலைவியாகி, மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து, "ஏய், இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுக் குடேன், எனக்கு மீட்டிங் இருக்கு" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். நல்ல பெண். உங்கள் துறையில் பெரிய இடத்துக்கு வருவாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது, போனேன். கணக்கு டீச்சர் அட்டவணைக்கு முன்னால் என்னை நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. ஒரு பச்சைகூட இல்லாத பிள்ளைங்களை ஆதரவுக் குழுவுக்கு மாத்தணும்னு விதி."

"அவ நூத்துக்கு நூறு வாங்கியிருக்காளே?"

"அது மார்க்கு சார். இது இலக்கு."

"கணக்கு போடத் தெரியுதா இல்லையா?"

"நல்லாப் போடுறா. ஆனா முடியாதுன்னு அவளே சொல்றாளே சார். பிள்ளை சொல்றதை நாங்க எப்படி நம்பாம இருக்கிறது?"

ஆதரவுக் குழு என்பது மாடிப்படிக்குக் கீழே, உடைந்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில் ஓர் அறை. எட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக் மணிகளைக் கோத்துப் பத்து வரை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அங்கே போனால் இந்த வருடம் முழுக்கப் பத்துக்கு மேல் ஓர் எண்ணை என் மகள் பார்க்க வேண்டிய அவசியமே இருக்காது. அடுத்த வருடம் இயற்கணிதம் நடத்தும் வகுப்புக்கும் அங்கிருந்து யாரையும் எடுப்பதில்லையாம். இரண்டு வரியில் முடிகிற கணக்கை நான்கு விதமாகப் போட்டுப் பார்த்து, நான்கும் ஒத்துப்போனால் மட்டும் தட்டை எடுத்துச் சாப்பிட உட்காருகிற பெண் அவள்.

வீட்டுக்கு வந்து அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏம்மா எல்லாத்துக்கும் சிவப்பு ஒட்டின?"

"நீங்கதானேப்பா சொல்லியிருக்கீங்க, நிரூபிக்காம எதையும் தெரியும்னு சொல்லக்கூடாதுன்னு."

"பின்னக் கணக்கு எல்லாம் சரியாத்தானே போட்டிருக்க?"

"போட்டதெல்லாம் சரி. போடாததுல ஒண்ணு தப்பா வந்துட்டா? நீங்க ஒரு கல்லை வச்சுப் பார்த்துட்டு முத்திரை குத்திடுவீங்களா?"

"மஞ்சளாவது ஒட்டலாமே!"

"முயல்கிறேன்னு போட்டிருக்குப்பா. நான் முயலவே இல்லையே, சும்மாப் போட்டேன், வந்திருச்சு."

அடுப்படியிலிருந்து உங்கள் தங்கையின் குரல் வந்தது. "ரெண்டும் ஒரே அச்சு. பெத்த பிள்ளையைத் தராசு மாதிரி வளர்த்தா, இப்படித்தான் யார் என்ன வச்சாலும் ஆடாம நிக்கும்." உங்கள் குடும்பத்தாருக்குப் பதில் சொல்லிப் பயனில்லை என்பதை நான் கல்யாணமான முதல் வாரத்திலேயே சோதித்து முடித்துவிட்டேன்.

மறுபடியும் பள்ளிக்கூடம், இந்த முறை தலைமையாசிரியை. அவர் சிரித்த முகத்தோடு என் கையில் ஓர் அட்டையைக் கொடுத்தார். பெற்றோருக்கும் இலக்கு உண்டாம், ஸ்டிக்கரும் உண்டாம், புத்தகம் வந்த பிறகு நீங்கள் தனியாகச் சேர்த்ததாம். "என்னால் என் பிள்ளையைக் காரணமின்றிப் பாராட்ட முடியும்." நான் அந்த "காரணமின்றி"யை அடித்து, ஓரத்தில் "பொருத்தமற்றது, நீக்குக" என்று எழுதி, கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்தேன். "இத்தனை பெற்றோர்ல நீங்க ஒருத்தர்தான் சார் திருத்திக் கொடுத்திருக்கீங்க" என்று சொல்லி, அந்த அம்மையார் அட்டையை என் சட்டைப் பையிலேயே செருகிவிட்டு, "ஒரே ஒரு பச்சை சார். எதுக்காவது ஒண்ணு ஒட்டச் சொல்லுங்க. நாங்க ஒட்டக்கூடாது, நீங்களும் ஒட்டக்கூடாது, அவளே ஒட்டணும். அவ இங்கேயே இருக்கட்டும்னுதான் எங்களுக்கும் ஆசை" என்றார். கெட்டவர் இல்லை. உங்கள் புத்தகம் வருவதற்கு முன்னால் இன்னும் நல்லவராக இருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

சரி, மகளுக்காக எதையும் செய்யலாம் என்று பாராட்டிப் பார்த்தேன். காலையில் அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் போய் நின்று, "ரொம்ப நல்லாத் துலக்குற" என்றேன். அவள் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு அம்மாவிடம் ஓடினாள். "அம்மா, அப்பாவுக்கு ஏதோ ஆயிடுச்சு, சீக்கிரம் வாங்க." உங்கள் தங்கை வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். பாராட்டு அத்தோடு நின்றது.

இப்படி அலைந்து அலைந்து, பள்ளி நடந்த மாதங்களில் என் எடையில் பத்து சதவீதம் குறைந்தது. பிறகு அரையாண்டு விடுமுறை வந்தது. கவலையில் கையில் கிடைத்ததையெல்லாம் தின்றதில் பத்து சதவீதம் கூடியது. ஆக, ஆரம்பித்த அதே எண்பது கிலோவுக்கே வந்து நிற்கிறேன். உங்கள் புத்தகத்தால் எனக்கு நேர்ந்த நிகர பலன் பூஜ்யம் என்று இதிலிருந்து தெரிகிறது. அளப்பதே தொழிலாகக் கொண்டவன் சொல்கிறேன். சதவீதம் படித்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். உங்கள் குழுவில் யாருக்காவது விளங்கவில்லையென்றால் எழுதுங்கள், படம் போட்டு விளக்குகிறேன்.

பள்ளி திறந்துவிட்டது. வரும் திங்கட்கிழமை அவளை மாடிப்படிக்குக் கீழே அனுப்புகிறார்கள். ஸ்டிக்கர் தாளையும், சுவர் அட்டவணையிலிருந்து கழற்றிய அவள் பெயர் போட்ட அட்டையையும் வீட்டுக்கே கொடுத்து அனுப்பிவிட்டார்கள், கடைசி வாய்ப்பாம். ஆகவே, உங்களிடம் எதையும் கேட்பதில்லை என்று இத்தனை வருடமாகக் காப்பாற்றி வந்த வைராக்கியத்தை விட்டுவிட்டுக் கேட்கிறேன். இந்த இலக்குகளை அடியோடு நீக்கச் சொல்லி உங்கள் குழுவுக்கு எழுதுங்கள். அதற்கு நாளாகும் என்றால், தலைமையாசிரியையிடம் நீங்கள் ஒரு வார்த்தை பேசினால் போதும். பின்னட்டையில் இருக்கும் தோளுக்கு அவர் மரியாதை கொடுப்பார். மச்சான், நான் வேறு யாரிடம் போய் நிற்பேன்? அவள் கணக்கை விட்டுவிட்டால் இந்த வீட்டில் நானும் உங்கள் தங்கையும் பேசிக்கொள்ள வேண்டிவரும். இதை எழுதுவதற்குள் பேனாவை மூன்று தரம் மூடிவைத்துவிட்டேன் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், அவர்களும் உங்களைப் போலவே எல்லாவற்றிலும் முன்னுக்கு வர, முன்னால் உட்காருபவர் நன்றாகப் படிப்பவராக அமையட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். நான் உறை தேடப் போன நேரத்தில் உங்கள் மருமகள் இந்தக் கடிதத்தைப் படித்திருக்கிறாள். திரும்பி வந்தால் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"அப்பா, எண்பது வராது."

"ஏன் வராது? பத்து போச்சு, பத்து வந்துச்சு."

"எண்பதுல பத்து சதவீதம் போனா எழுபத்திரண்டு. திரும்ப வர்ற பத்து சதவீதம் எழுபத்திரண்டுல எடுக்கணும். எழுபத்தொன்பது புள்ளி இரண்டுதான் வருது. நீங்க எடை போட்டே பார்க்கலையாப்பா?"

"என் எடையை விடு. வேற எடைக்கு வேற மாதிரி வரலாம். நீ எல்லாத்தையும் போட்டுப் பார்த்தியா?"

"போட்டுப் பார்க்கவே வேண்டாம்ப்பா. குறைஞ்சதுல எடுக்கிற பத்து எப்பவும் சின்னதுதானே? யானையை வச்சாலும் ஆரம்பிச்ச இடத்துக்கு வராது."

"நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. பிறகு ஸ்டிக்கர் தாளை எடுத்து வந்து, தன் அட்டையில், சதவீதத்தை அடையாளம் கண்டு மகிழ முடியும் என்ற வரிக்கு எதிரே ஒரு பச்சையை ஒட்டினாள். ஓரம் தூக்காமல் நகத்தால் நீவியும் விட்டாள். அப்படியே என் கடிதத்தில் ஒரு சிவப்பை ஒட்டிவிட்டாள். எடை பற்றிய பத்தியின் மேல் இருப்பது அதுதான், மைக்கறை என்று நினைத்துவிட வேண்டாம். "மகிழ" என்று போட்டது நீங்களாக இருந்தால் அதை எனக்குத் தெரிவிக்க வேண்டாம். கடிதத்தைக் கிழிக்காமல் அனுப்புவதற்குக் காரணம், புகைப்படம் பற்றிய பகுதியில் எந்தத் தவறும் இல்லை என்று அவளே பார்த்துச் சொல்லிவிட்டதுதான்.

"பிரமாதம்மா" என்று அவளிடம் சொன்னேன். இந்த முறை அவள் அம்மாவிடம் ஓடவில்லை. ஆனால் இந்தப் பாராட்டுக்குத் தக்க காரணம் இருந்தபடியால், பெற்றோருக்கான அட்டையில் இப்போதைக்கு மஞ்சள்தான் ஒட்டியிருக்கிறேன்.