கோடு விழாத முதுகு

மருந்துசொல்லிகள் என்று ஓர் இனம் உண்டு. வைத்தியர்கள் அல்ல, வைத்தியருக்குப் படிப்பு வேண்டும், இவர்களுக்கு நாக்கு போதும். ஜாவாவின் சோலோ நகரில் சந்துக்கு ஒருவர் நிச்சயம். கெமுனிங் சந்துக்கு வாய்த்தவர், ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஹர்ஜோனோ.

காலையில் மூலிகைச் சாறு விற்கும் துமீனா, பாட்டில்கள் கலகலக்க முதுகுக் கூடையை இறக்கி வைப்பதற்குள், ஹர்ஜோனோ நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் முகம் வெளுத்திருக்கிறது, யார் நடையில் தொய்வு, யார் நேற்று எதைத் தின்றார்கள் என்றெல்லாம் கணித்து, கேட்காமலே தீர்ப்பும் சொல்லிவிடுவார். எல்லா நோய்க்கும் ஒரே காரணம்: உடம்புக்குள் காற்று புகுந்துவிட்டது. பல்வலியா? காற்று. மாமியார் வந்திறங்கியதால் தலைவலியா? அதுவும் காற்றுதான்.

"துமீனா, இவனுக்கு நிலவேம்பு ஒரு டம்ளர் ஊத்து. டேய், வீட்டுக்குப் போயி முதுகுல தைலம் தடவி, பழைய காசால கோடு கோடா சுரண்டச் சொல்லு. செவக்கணும்!"

"அண்ணே, எனக்கு ஒண்ணுமில்லையே?"

"அதாண்டா மொத அறிகுறி."

அவர் என்ன குடிப்பார்? மஞ்சளும் புளியும் வெல்லமும் கலந்த இனிப்புச் சாறு. கசப்பு ஆகாது, காசைக் கண்டாலே முதுகு கூசும். துமீனாவுக்கு இது தெரியும். சொன்னால் வியாபாரம் படுத்துவிடும் என்று வாயைத் திறக்கமாட்டாள்.

அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் வயிற்றுவலி வந்தது. மூன்று நாளாகியும் போகவில்லை. சந்தில் சொல்ல முடியுமா? சொன்னால் ஆளுக்கொரு டம்ளர் நிலவேம்போடு வந்து நிற்பார்கள். டாக்டரிடம் போனது தெரிந்தாலோ, இருபது வருஷமாகக் கட்டிக்காத்த பேர் போச்சு. தொப்பியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, ஊரின் மறுகோடியில் ஒரு கிளினிக்குக்குப் போனார். சுபார்தி என்று பெயர் கொடுத்தார். பெயரை மாற்றத் தெரிந்தவருக்கு விலாசத்தை மாற்றத் தோன்றவில்லை.

முதுகில் ஸ்டெதஸ்கோப் வைக்கச் சட்டையைத் தூக்கிய டாக்டரம்மா அசந்துபோனார்.

"கெமுனிங் சந்தா நீங்க? அங்கேர்ந்து வர்ற அத்தன பேர் முதுகும் வரிப்புலி மாதிரி இருக்குமே! யாரோ ஹர்ஜோனோவாம், சுரண்டச் சொல்லிட்டுத்தான் மறுவேலையாம். ஒங்களுது மட்டும் எப்படி வழவழன்னு இருக்கு?"

அத்தனை பேருமா? தன் சந்து மொத்தமும் திருட்டுத்தனமாக இங்கேதான் வருகிறதா? வயிற்றைவிட நெஞ்சு அதிகமாக வலித்தது அவருக்கு.

"அந்தாளு பேச்ச நீங்க கேக்கறதில்லையோ?"

"இல்லம்மா," என்று முனகினார். அது மட்டும் பொய்யில்லை.

டாக்டரம்மா மருந்துச் சீட்டு எழுதத் தொடங்கித் தும்மினார். ஹர்ஜோனோ உதட்டைக் கடித்தார். இரண்டாவது தும்மலுக்கு நாற்காலியை இறுகப் பிடித்தார். மூன்றாவது தும்மலில் மனுஷர் துள்ளி எழுந்துவிட்டார்.

"காத்து பூந்துருச்சும்மா! மொதல்ல அந்த ஃபேன நிறுத்துங்க! தைலம் இருக்கா? ஒரு பழைய காசு இருக்கா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "வாங்க, ஹர்ஜோனோ சார். ஒங்களப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆச."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அந்த அம்மா மூன்றாவது முறை தும்மியபோது உங்கள் நாக்கு நுனிக்கு என்ன வந்தது? சுக்கா, மிளகா, துளசியா? ஏதாவது வந்திருந்தால், தூரத்து டாக்டர் ஒருவரை இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விலாசத்தையும் மறக்காமல் மாற்றிச் சொல்லுங்கள்.