ஆறேகால் சதவீத நஷ்டம்

எனக்குக் கணக்கு நன்றாக வரும். அதனால்தான் வங்கி வேலை கிடைக்காமல் போனது.

குற்றாலத்தில் எங்களுக்கு ஒரு லாட்ஜ் உண்டு. மொத்தம் இருபது ரூம். ரிசப்ஷனில் உட்கார்ந்து "வெந்நீர் வரலை" என்பதைக் கேட்டே என் ஆயுள் முடிந்துவிடுமோ என்ற பயத்தில் வங்கித் தேர்வுக்குப் படித்தேன். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. மூன்றாவது முறை தென்காசியில் கோச்சிங் சேர்ந்தபோது அப்பா, "ஏட்டி, இந்தத் தடவையும் போச்சுன்னா பேசாம லாட்ஜ்ல வந்து உக்காரு" என்று சொல்லிவிட்டார்.

தேர்வில் ஒரு கேள்வி. ஒரு விடுதியில் இருபது அறைகளும் நிரம்பியிருக்கின்றன. வாடகையை 25 சதவீதம் உயர்த்தியதும் நிரம்பும் அறைகள் 20 சதவீதம் குறைகின்றன. வருமானம் எவ்வளவு மாறும்?

இருபது ரூம் என்றதுமே எங்கள் லாட்ஜ் கண்ணில் தெரிந்தது. (அங்கேதான் சனி பிடித்தது.) சாரல் விழுந்து அருவி சீசன் தொடங்கினால் நாலு ரூம் சொந்தக்காரர்களுக்கு. அவர்களிடம் வாடகை வாங்கும் வழக்கம் எங்கள் வம்சத்திலேயே கிடையாது. ஆகவே காசு வருவது பதினாறு ரூமுக்குத்தான். வாடகை கூடினால் காசு தருகிறவர்கள்தான் ஓடுவார்கள். சொந்தக்காரர்கள் ஏன் ஓடப்போகிறார்கள்? நாலு ரூம் காலி, மிச்சம் பன்னிரண்டு. ஒரு ரூம் வாடகை x என்று வைத்தால், முன்பு வந்தது 16x, இப்போது பன்னிரண்டு ரூமுக்கு ஒன்றேகால் வாடகை வீதம் வருவது 15x. நஷ்டம் ஆறேகால் சதவீதம். கொடுத்திருந்த விடைகளில் ஆறேகால் இல்லை. கேள்வி தயாரித்தவருக்குச் சொந்தபந்தமே இல்லை போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டு, 'இவற்றில் எதுவுமில்லை' என்று குறித்துவிட்டு வந்தேன்.

'மாற்றமில்லை' என்பதுதான் விடையாம். ஒரே ஒரு மார்க்கில் போயிற்று. ரிசல்ட் வந்த அன்று நிஜமாகவே அழுதேன்.

மத்தியானம் சாப்பிடும்போது நடந்ததை அப்பாவிடம் சொன்னேன். பக்கத்தில் செங்கோட்டை மாமா உட்கார்ந்திருப்பதை மறந்துவிட்டேன். (பஸ் ஏறினால் கால் மணி நேரத்தில் வீடு. இருந்தாலும் சாரல் முடியும்வரை குடும்பத்தோடு எங்கள் லாட்ஜில்தான் தங்குவார்.)

"அப்பம் நாங்கதான் நஷ்டமா?" என்றார் மாமா.

அப்பா ரசத்தைப் பிசைந்தபடியே, "கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றார்.

இப்போது ரிசப்ஷனில் இருப்பது நான்தான். மாமா கோபித்துக்கொண்டு வராமல் இருந்துவிடுவாரோ என்று அம்மா கொஞ்ச நாள் பயந்தாள். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு சாரலுக்கும் பெட்டியோடு வந்து சாவிக்குக் கையை நீட்டுவார். கூடவே, சுற்றி நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுவார்:

"ஏட்டி, ஒன் வேலையக் கெடுத்தது நாங்கதான. மனசு கேக்க மாட்டேங்குது. அதான் இந்த வருசம் ரெண்டு நாள் கூடத் தங்கி ஒனக்குத் துணையா இருக்கலாம்னு வந்திருக்கோம்."